மணலும் ஒளியும் உயிரணுவும்

தில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் கன்னியாகுமரிக்கு இரயிலேறும் தமிழன்பர்கள், திருவனந்தபுரத்தைக் கடந்த சிறிது நேரத்தில் நெய்யாற்றின்கரை, பாறசாலை என்னும் இரு நிலையங்களைக் காண்பார்கள். பாறசாலையைத் தாண்டினால் தமிழ்நாடு. சாலை வழியே செல்வோர்க்கோ களியக்காவிளைச் சோதனைச் சாவடியே எல்லை. இவ்வெல்லை பழமையானதன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரையில் இப்பக்கமும் அப்பக்கமும் ஒரே திருவிதாங்கூர் மண்ணாகவே இருந்தன. அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் என்னும் 4 வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கம் கேட்ட நெய்யாற்றின்கரை வட்டமோ கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே பாறசாலைப் பக்கத்துச் சிற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், பிறந்த வீட்டை விட்டு ஓரடியும் நகராமலே வெளிமாநிலத் தமிழராயினர்.

இவ்வெல்லைப் பகுதிக்கு அரசியல் வரலாறு உண்டு என்பதைப் பலரும் அறிவர். விஞ்ஞான வரலாறு ஒன்றும் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. கண்ணுக்குப் புலனாகாத நுண்துகளை மனித உடலுக்குள் செலுத்தினால் நன்மை விளையுமா, தீமை விளையுமா என்பது இன்றைய மருத்துவ ஆராய்ச்சியின் பெருங்கேள்விகளுள் ஒன்று. அக்கேள்வியின் தொடக்கத்தையும், அதற்கு விடை தேடும் முயற்சியையும் பாறசாலையிலிருந்து ஒரு நாட்பொழுதில் சென்று கண்டுவரலாம்.

முதலில் தெற்கே செல்வோம். குளச்சலை அடுத்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் படிந்து கிடக்கிறது. இங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன நிபுணர் 1909ஆம் ஆண்டில் ஆராய்ந்து, அதில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கண்டார். மோனசைட்டில் நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு வரையில் தோரியம் உண்டு. மின்விளக்கு பரவாத அக்காலத்தில் நகரங்களுக்கு ஒளி தந்தது வாயு விளக்கு. அவ்விளக்கின் வலை போன்ற மேண்டில், தோரியத்தால் ஆனது. எனவே நம் கடற்கரை மணலுக்கு உலகச் சந்தையில் பெருமதிப்பு ஏற்பட்டது. முதல் உலகப் போருக்கு முன்னரே மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் தொழில் தொடங்கிவிட்டது. இன்றும் அங்கே மத்திய அரசாங்கத்தின் அருமணல் நிறுவனம் நடைபெற்று வருகிறது.

விளக்குக்குப் பயன்பட்ட தோரியம் பின்னர் மருத்துவத்திலும் புகுந்தது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெளிவாகத் தெரியும். இரத்தக் குழாய் தெரியாது. அதனைத் தெரியச் செய்ய வேண்டுமானால் எக்ஸ்கதிரைத் தடுக்கும் ஒரு பொருளை இரத்தத்தில் கலக்க வேண்டும். 1930ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் ‘தோரோட்ராஸ்ட்’ என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. அது தோரியம் ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்கள் மிதக்கும் நீர்மம். அத்துகள்கள் சில நானோமீட்டர் அளவினவே. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு. ‘நானோ’ என்னும் சொல் வழக்குக்கு வருமுன்னரே, மனித உடலுக்குள் பெருமளவில் செலுத்தப்பட்ட நானோ பொருள் இதுவாகும்.

தோரோட்ராஸ்ட் தந்த படங்கள் மிகத் தெளிவாயிருந்தன. ஊசி போட்டுக்கொண்டவர்க்கு வலியோ காய்ச்சலோ பெரிதாக ஏற்படவில்லை. மருத்துவர்கள் மகிழ்ந்தனர். போர்த்துகல் நாட்டு எகாஸ் மோனிஸ் மூளையின் இரத்தக் குழாய்களைப் படம்பிடிக்க இதனைக் கையாண்டார். ஆயினும் தோரியம் கதிரியக்கமுள்ள பொருள் என்பது அன்றே அறிந்த செய்தி. 1932ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு எச்சரிக்கை விடுத்தது. அவ்வெச்சரிக்கையை மீறி, 1950ஆம் ஆண்டுகள் வரையில் பல நாடுகளில் இலட்சக்கணக்கான மக்களுக்கு அம்மருந்து செலுத்தப்பட்டது.

பின்னர் நிகழ்ந்தது யாது? உடலுக்குள் சென்ற துகள்களை உடல் வெளியேற்றவில்லை. இரத்தத்தில் புகும் அந்நியப் பொருளை விழுங்கிக் காக்கும் உயிரணுக்கள் அவற்றை விழுங்கி, கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மச்சையிலும் சேமித்து வைத்துக்கொண்டன. தோரியத்தின் அரையாயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு. ஒரு மனிதனின் வாழ்நாளில் அது சிறிதும் குறைவதில்லை. உள்ளே தங்கிய துகள் நாள்தோறும் கதிரை வீசிக்கொண்டே இருந்தது. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவில், இம்மருந்து பெற்ற ஒருவரின் கல்லீரல் புற்றுநோய் மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. அதன்பின் அத்தகைய செய்திகள் பெருகின. நோய் தோன்ற 20, 30 ஆண்டுகள் பிடித்தன. ஊசி போட்ட மருத்துவர் ஓய்வுபெற்ற பின்னரே ஊசியின் பயன் வெளிப்பட்டது.

அந்தத் தோரியம் எந்தக் கடற்கரையில் பிறந்ததாயினும் அதன் இயல்பு ஒன்றே. மேண்டிலில் இருந்தபோது வீட்டுக்கு ஒளி தந்த பொருள், நுண்துகளாகிக் கல்லீரலில் தங்கியபோது நஞ்சாயிற்று. ஒரு பொருளின் நன்மை தீமை அதன் பெயரை மட்டும் பொறுத்ததன்று. அது எவ்வளவு நுண்ணியது, உடலில் எங்கே தங்குகிறது, எத்தனை காலம் தங்குகிறது என்பவற்றையும் பொறுத்தது என்னும் பாடத்தை உலகம் இவ்வாறு கற்றது.

இனி ஒளியின் கதைக்கு வருவோம். எக்ஸ்ரேயால் உறுப்பைக் காணலாம். உயிரணுவைக் காண நுண்பெருக்கி வேண்டும். நுண்பெருக்கி 17ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. ஆனால் உயிருள்ள அணு கண்ணாடியைப் போலத் தெளிந்தது; அதன் உள்ளுறுப்புகள் புலப்படுவதில்லை. அவற்றைப் புலப்படுத்தச் சாயமேற்றுவர். பெரும்பாலான சாயமேற்றும் முறைகளில் உயிரணு இறந்துபோகும். ஆதலால் உயிரியலார் நெடுங்காலம் செத்த அணுவைப் பார்த்தே உயிரின் இயக்கத்தை ஊகித்து வந்தனர். இத்தடையை நீக்கியவருள் ஹாலந்து நாட்டு சர்னிக்கே ஒருவர். சாயமின்றியே உயிருள்ள அணுவைக் காட்டும் முறையை வகுத்த அவருக்கு 1953ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1962ஆம் ஆண்டில் ஜப்பானியரான ஷிமோமுரா, கடலில் வாழும் இழுதுமீன் ஒன்றிலிருந்து பச்சையாய் ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். பின்வந்தோர் அப்புரதத்தைப் பிற உயிர்களின் அணுக்களுக்குள்ளேயே தோன்றச் செய்து, உயிரின் தொழிலை நேரில் காண வழி செய்தனர். அதற்கும் 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இத்துறையில் தமிழரின் பங்கும் சிறிதன்று. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி. வி. இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும், இன்று நம்மில் பலரைப்போலவே பிழைப்புக்கும் படிப்புக்குமாக வங்கத்துக்குச் சென்று வாழ்ந்தவர்கள். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கல்கத்தாவில் அவர்கள் கண்ட உண்மை யாதெனில், ஒரு பொருளின் மீது பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறித் திரும்புகிறது என்பதே. அம்மாற்றம் அப்பொருளின் மூலக்கூறு இன்னது என்பதை அறிவிக்கும். ஆகவே சாயம் பூசாமலே, உயிரணுவில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் வேறுபடுத்தி அறியலாம். ஆனால் சிதறும் ஒளியில் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்கே இவ்வாறு மாறுகிறது. அதனைப் பெருக்குவதற்கு 1974ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு வழி தென்பட்டது. வெள்ளியின் சொரசொரப்பான பரப்பில் ஒட்டிய மூலக்கூறு பன்மடங்கு வலிய இராமன் ஒளியைத் தந்தது. வெள்ளி, தங்க நுண்துகள்களும் அவ்வாறே செய்கின்றன.

இங்கேதான் ஒளியின் கதையும் துகளின் கதையும் ஒன்று சேர்கின்றன. உயிரணுவைத் தெளிவாகக் காண வேண்டின் அதற்குள் நுண்துகளை அனுப்ப வேண்டியிருக்கிறது. குவாண்டம் புள்ளிகள் என்பவை இன்னொரு வகைத் துகள்கள். அளவுக்கேற்ப நீலமாகவும் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிர்பவை. அவற்றைக் கண்டும் செய்தும் தந்தவர்களுக்கு 2023ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவற்றுள் பெயர்பெற்ற ஒரு வகை, சிறுநீரகத்துக்குக் கேடான காட்மியத்தால் ஆனது. காற்றும் புற ஊதாக் கதிரும் பட்டால் துகளின் மேற்பரப்பு சிதைந்து காட்மியம் கசிந்து, கல்லீரல் அணுக்களைக் கொல்லும் என்பதை 2004ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினர். தக்க உறையிட்டால் கேடு குறையும் என்பதையும் அவர்களே காட்டினர். தோரோட்ராஸ்ட் காலத்தில் 20 ஆண்டு கழித்து மனித உடலில் தெரிந்த உண்மை, இப்போது ஆய்வுக்கூடத் தட்டில், மனிதனைத் தொடுமுன்னரே தெரியவந்தது. வேறுபாடு இதுவே; இது பெரிய வேறுபாடு.

இவ்வகை ஆராய்ச்சி நம் எல்லைச் சிற்றூர்களுக்கு அருகிலேயே நடைபெறுகிறது. பாறசாலையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையும், நெசவாளர் ஊராகிய பாலராமபுரமும், நேமமும் கடந்தால் பாப்பனங்கோடு வரும். அங்குள்ள மத்திய விஞ்ஞான ஆய்வுக் கூடத்தில் தங்க நுண்துகள்களின் உதவியால் இராமன் ஒளியைப் பெருக்கிப் புற்றணுக்களை இனங்காணும் முயற்சி நடைபெற்றிருக்கிறது. மேலும் சிறிது சென்றால் பூஜப்புரை. அங்கே முன்னர்த் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குரியதாயிருந்த சாட்டல்மண்ட் மாளிகையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு அமைந்துள்ளது. நாடாளுமன்றச் சட்டத்தால் 1980ஆம் ஆண்டில் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் அது.

டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே இந்தியாவின் சொந்த இதய வால்வு உருவாயிற்று. முதல் மூன்று மாதிரிகளும் சோதனையில் தேறவில்லை. நான்காவது மாதிரி, உலோகக் கலவைக் கூண்டும் பாலித்தீன் தட்டும் கொண்டது, ஆடுகளில் தேறியது. அதன் பின்னரே, 1990 டிசம்பர் 6ஆம் நாள், முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. தோற்ற மூன்று மாதிரிகளுக்கும் நோயாளி எவரும் பலியாகவில்லை என்பதே அவ்வரலாற்றின் சிறப்பு.

அம்மாளிகையின் நச்சியல் பிரிவில் இன்று நுண்துகள்களும் சோதிக்கப்படுகின்றன. இரும்பு ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, கிராபீன் முதலியவற்றை உயிரணுக்களோடு சேர்த்து, அணு சுவாசிக்கிறதா, அதன் சவ்வு கிழிகிறதா, மரபுப் பொருள் சிதைகிறதா என்று பார்க்கின்றனர். இச்சோதனை எளிதன்று. உயிருள்ள அணு ஊதா நிறமாகவும் இறந்த அணு நிறமின்றியும் தெரியும்படியான பழைய சாயச் சோதனை ஒன்றுண்டு. கார்பன் நுண்குழாய்கள் அந்தச் சாயத்தையே பற்றிக்கொண்டு, உயிரோடிருக்கும் அணுவை இறந்ததுபோலக் காட்டியதை 2006ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். சாட்சியே பொய் சொன்னால் தீர்ப்பு எவ்வாறு அமையும்? ஆகவே ஒரு சோதனையோடு நில்லாமல், நுண்பெருக்கியின் கீழ் அணுவை மணிக்கணக்கில் நேரே கண்காணிப்பது இன்றியமையாததாயிற்று. அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. காண்பதற்காகப் பாய்ச்சும் வலிய ஒளியே அணுவுக்குத் தீங்கு செய்யும். துகளின் தீமை எது, விளக்கின் தீமை எது என்பதைப் பிரித்தறிய, துகள் சேராத அணுக்களையும் அதே ஒளியில் வைத்து ஒப்பிட வேண்டும்.

இந்திய அரசாங்கமும் 2007ஆம் ஆண்டில் நானோ ஆராய்ச்சிக்கெனத் தனி இயக்கம் தொடங்கியது. 2019ஆம் ஆண்டில் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. துகளின் அளவு என்ன, உடலில் எங்கே செல்கிறது, எவ்வாறு வெளியேறுகிறது என்று மருந்து செய்வோர் காட்ட வேண்டும் என்பது அவற்றின் சாரம். தோரோட்ராஸ்ட் விற்றவரிடம் இக்கேள்விகளை வற்புறுத்திக் கேட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் துயரினின்று தப்பியிருக்கும்.

ஆய்வுக்கூடத்தின் சோதனை முடிந்த பின்னரும் ஒரு படி எஞ்சியுள்ளது. அது நோயாளியின் சம்மதம். புதிய மருந்தோ கருவியோ மனிதரிடம் சோதிக்கப்படும்போது, அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிய பின்னரே சம்மதம் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. எழுத்தறியாதவராயின் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். சம்மதித்தவர் எந்நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். அதனால் அவருக்குரிய சிகிச்சை குறையலாகாது.

இவ்விதியின் பொருளைப் பாறசாலைத் தமிழரும், மும்பை தாராவித் தமிழரும், பெங்களூர்த் தமிழரும், கொல்கத்தாத் தமிழரும் ஒருங்கே உணர்வர். அண்டை அயலாரோடு மலையாளத்திலும் மராத்தியிலும் கன்னடத்திலும் வங்காளியிலும் நாம் நன்றாகப் பேசலாம். ஆனால் நோயுற்ற தாய்க்காக மருத்துவமனைத் தாளில் கையெழுத்திடும்போது, அரைகுறையாகப் புரிந்த மொழி போதாது. இவ்விடயத்தில் ‘தமிழில் சொல்லுங்கள்’ என்று கேட்பது சலுகை வேண்டுதல் அன்று, உரிமை.

கேட்க வேண்டியவை மூன்றே. உடலுக்குள் செலுத்தும் பொருள் யாது? அது எவ்வழியே எப்போது வெளியேறும்? அதனை முன்னரே சோதித்தவர் யார்? இக்கேள்விகளுக்கு அஞ்சும் மருத்துவம் நல்ல மருத்துவமாகாது. நல்ல மருத்துவரும் இவற்றை அவமதிப்பாகக் கொள்ளார். மணவாளக்குறிச்சி மணலின் கனிமம் உலகுக்குக் கற்பித்த பாடத்தையும், பூஜப்புரை மாளிகையில் ஆண்டுக்கணக்காக நடக்கும் பொறுமையான சோதனையையும் இணைத்துப் பார்த்தால், விஞ்ஞானத்தை ஐயமின்றி ஏற்பதும் அச்சத்தோடு மறுப்பதும் இரண்டுமே தவறு என்பது விளங்கும். விளங்கிக்கொண்டு ஏற்பதே அறிவுடைமை. ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு அது பாதுகாப்பும் ஆகும்.