கேட்காமல் கிடைத்த எஞ்சின்

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வினவலைப் படித்துப் பொருள்கொள்ளும் பகுதி வேறு, தரவை வட்டில் எழுதி எடுக்கும் பகுதி வேறு. பின்னதற்கு ஸ்டோரேஜ் எஞ்சின் என்று பெயர். ஒரே சர்வரில் டேபிளுக்கு ஒரு எஞ்சின் வைத்துக்கொள்ளலாம். உருவாக்கும்போது எதையும் குறிப்பிடாவிட்டால், சர்வரின் இயல்புநிலை எஞ்சின் தானாக அமையும். பலர் பகிர்ந்துகொள்ளும் வெப் ஹோஸ்டிங்கில் சர்வரின் அமைப்புக் கோப்பு வாடிக்கையாளரின் கைக்கு எட்டாது. எனவே எண்ணற்ற வலைத்தளங்களின் எஞ்சினை முடிவு செய்தவர்கள் அவற்றை எழுதியவர்கள் அல்லர். ஹோஸ்டிங் நிர்வாகிகளும், அவர்கள் தலையிடாதபோது மைஎஸ்க்யூஎல் நிறுவனமும்தான்.

3.23 பதிப்பு வரிசையில், ஐசாம் என்ற பழைய எஞ்சினின் இடத்தில் மைஐசாம் இயல்புநிலை எஞ்சினாக வந்தது. டேபிளின் அமைப்பு, தரவு, இண்டெக்ஸ் ஆகியவற்றுக்கு மூன்று கோப்புகள். அவை அந்தத் தரவுத்தளத்தின் பெயரிலேயே உள்ள ஃபோல்டரில் இருக்கும். வாடிக்கையாளர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார் என்பதை ஃபோல்டரை அளந்தே சொல்லிவிடலாம். நினைவகமும் அதிகம் தேவையில்லை. வலைப்பதிவுகளிலும் கருத்துக்களங்களிலும் எழுதுவதைவிடப் படிப்பதே அதிகம் என்பதால் வேகத்திலும் குறை தெரியவில்லை. ஒருவர் எழுதும்போது டேபிள் முழுவதும் பூட்டப்படுவதும், மின்தடைக்குப் பின் இண்டெக்ஸ் சிதைந்து பழுதுபார்க்க நெடுநேரம் ஆவதும் தளம் வளர்ந்த பிறகே உறைத்தன.

ஹெல்சிங்கியில் ஹைக்கி தூரி உருவாக்கிய இன்னோடிபி என்ற எஞ்சின் 2001இல் மைஎஸ்க்யூஎல்லுடன் இணைந்தது. அது வரி வரியாகப் பூட்டும். பாதியில் நின்ற மாற்றத்தைப் பின்வாங்கும். சர்வர் திடீரென விழுந்தாலும் லாக் கோப்பைப் படித்துத் தன்னை மீட்டுக்கொள்ளும். நுட்பத்தில் அதுவே மேல். ஆனால் ஹோஸ்டிங்கின் கணக்கு வேறு. தொடக்கத்தில் எல்லா வாடிக்கையாளர்களின் இன்னோடிபி டேபிள்களும் ஒரே பொதுக் கோப்புக்குள் போயின. யார் எவ்வளவு பிடித்திருக்கிறார் என்று ஃபோல்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒருவர் தம் தரவுத்தளத்தை அழித்துவிட்டுப் போனாலும் அந்தக் கோப்பு சிறுக்காது. சிறுக்க வேண்டுமானால் அனைத்தையும் வெளியே எடுத்துக் கோப்பை நீக்கித் திரும்ப ஏற்ற வேண்டும். 4.1 பதிப்பில் டேபிளுக்கொரு கோப்பு என்ற வசதி வந்தும், 5.6 வரை அது இயல்புநிலையில் இயங்கவில்லை.

ஆகவே சில நிர்வாகிகள் நினைவகத்தை மிச்சப்படுத்த அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து இன்னோடிபியை அணைத்தே வைத்தார்கள். இதில் ஒரு விபரீதம் இருந்தது. அப்படிப்பட்ட சர்வரில் ஒரு நிரல் இன்னோடிபி டேபிள் கேட்டால், அன்றைய இயல்பு அமைப்பில் மைஎஸ்க்யூஎல் மறுக்காது. எச்சரிக்கை ஒன்றைப் பதிந்துவிட்டு மைஐசாம் டேபிளைக் கொடுத்துவிடும். அந்த எச்சரிக்கையைப் படித்த நிரல்கள் எத்தனை இருந்திருக்கும்? பணம் கழிப்பதும் பதிவு சேர்ப்பதும் சேர்ந்தே நடக்கும் என்று நம்பி எழுதிய கடைத்தளத்தில், பின்வாங்கும் கட்டளை எதையும் பின்வாங்காது.

2005 அக்டோபரில் இன்னோடிபியின் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. போட்டியாளரிடம் சிக்கிய எஞ்சினுக்கு மாற்றாக ஜிம் ஸ்டார்கியைக் கொண்டு ஃபால்கன் என்ற எஞ்சினை உருவாக்க மைஎஸ்க்யூஎல் முயன்றது. அது முழு வெளியீட்டை எட்டவே இல்லை. 2008இல் சன் நிறுவனம் மைஎஸ்க்யூஎல்லை வாங்க, 2010இல் சன்னை ஆரக்கிள் வாங்கியது. மைஎஸ்க்யூஎல்லும் இன்னோடிபியும் ஒரே கூரையின் கீழ் வந்த அதே ஆண்டு டிசம்பரில் வெளியான 5.5 பதிப்பில் இன்னோடிபி இயல்புநிலையானது. முழு உரைத் தேடலுக்காக மைஐசாமை விடாதிருந்தவர்களுக்கு 2013இன் 5.6 பதிப்பு அந்த வசதியையும் இன்னோடிபியில் தந்தது. 2018இல் வந்த 8.0, பயனர் அனுமதிகளை வைத்திருக்கும் டேபிள்களையும் இன்னோடிபிக்கு மாற்றியது.

இயல்புநிலை மாறியதால் பழைய டேபிள்கள் மாறிவிடவில்லை. ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்குத் தளத்தை மாற்ற எடுக்கும் நகல் கோப்பில் ஒவ்வொரு டேபிளின் எஞ்சின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். புதிய சர்வர் அதை அப்படியே ஏற்று மைஐசாமையே மறுபடி அமைக்கும். மாற்ற வேண்டுமானால் உரிமையாளரே டேபிள் டேபிளாகக் கட்டளையிட வேண்டும்.