வடிகட்டிக்குள் குடியிருப்பவர்கள்



தோட்டத்தில் புதிதாகக் குளம் கட்டி, வடிகட்டியும் வைத்தாயிற்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனாலும் இரண்டாவது வாரத்தில் மீன்கள் செத்து மிதக்கின்றன, ஏன் என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். இதற்கான விளக்கம் 1877-லேயே பிரான்சில் கிடைத்துவிட்டது.

மீனின் செவுள் வழியே அம்மோனியா வெளியேறுகிறது. தெளிந்த நீரில்கூட அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது அக்கால அறிஞர்களுக்குத் தெரியும். வெறும் வேதிவினை என்றே பலர் நினைத்தார்கள். ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு மீட்டர் நீளக் குழாயில் சுட்ட மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, சாக்கடை நீரை மெல்லக் கசியவிட்டார்கள். சுமார் 20 நாள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு நைட்ரேட் தோன்றியது, அம்மோனியா மறைந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் எல்லாம் நின்றது. ஆவியை நீக்கிய பின்னும் வேலை தானாகத் தொடங்கவில்லை. மண் கரைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றியதும் மறுபடி தொடங்கியது. மணலில் வேலை செய்தவை உயிர்கள் என்பது இப்படித்தான் புரிந்தது.

அந்த நுண்ணுயிர்களை 1890-லும் அதையடுத்தும் பிரித்தெடுத்தவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு கூட்டம். அதை நைட்ரேட்டாக்குவது இன்னொரு கூட்டம். நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான். முதல் கூட்டம் வேலையைத் தொடங்கினால்தான் இரண்டாவதற்குச் சாப்பாடு. அதனால்தான் ஆபத்து இரண்டு முறை வருகிறது. அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் கழிவுநீரைக் கல் படுக்கையில் தெளித்துச் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். நம் குளத்து வடிகட்டி அதன் சின்னத் தம்பி.

ஆகவே, கடையில் வாங்குவது வெறும் வீடு மட்டுமே. குடியிருப்பவர்கள் வந்து சேர நான்கிலிருந்து ஆறு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை இரண்டு மூன்று மீன் போதும், தீனியைக் குறையுங்கள். நன்றாக ஓடும் பழைய குளத்திலிருந்து ஒரு கைப்பிடி கூழாங்கல்லோ பழைய பஞ்சோ கொண்டுவந்து போடுங்கள். அன்று குழாயில் ஊற்றிய மண் நீரின் வேலையை அது செய்யும். பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் அலசாதீர்கள். அன்று குளோரோஃபார்ம் செய்ததைக் குளோரின் செய்துவிடும். குளத்து நீரிலேயே அலசுங்கள். அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும், மின்செலவைப் பார்த்து இரவில் பம்ப்பை நிறுத்தாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் வகுப்பில் கேட்பது போலவே தயங்காமல் கேளுங்கள்.