முகப்புப் பக்கம்

கல்வராயன் மலையின் கரியாலூரில் ஒரு மாணவி கைப்பேசிச் செயலியில் பழந்தமிழ் நூலொன்றைப் படிக்கிறாள் என்று கொள்வோம். ஓரிடத்தில் சொல் பிழைபட்டிருக்கிறது. யாரிடம் சொல்வாள்?

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தமக்கு ஏடு தந்து உதவியோரை முகவுரையில் மறவாது குறித்தார். எந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று தேடுவோர்க்கு அது வழிகாட்டி.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இவ்வழக்கத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தன்னார்வலர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டெழுதினர், மெய்ப்புப் பார்த்தனர். அவர்கள் பெயர்கள் கோப்பின் முகப்பில் இடம்பெற்றன. கோப்பை எவரும் பகிரலாம்; முகப்புப் பக்கம் மட்டும் சிதையாதிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

திறமூலச் செயலிகளுக்குப் பங்களிப்போருக்குச் சொல்லப்படும் நெறிகளும் ஏறத்தாழ இவையே. ஒரு முறைக்கு ஒரு திருத்தம், அதற்கான காரணம், பிறிதொருவரின் சரிபார்ப்பு. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்', ஒவ்வொரு மாற்றத்தோடும் செய்தவர் பெயரையும் நாளையும் காரணக் குறிப்பையும் சேர்த்தே காக்கிறது.

முகப்பை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எடுத்தாள்பவர் சிலருடைய பெயரை அழிப்பதோடு நில்லார். பிழை திருத்தும் வழியையும் அடைத்துவிடுகிறார். அந்தப் பக்கம் இருந்தால், கரியாலூர் மாணவியின் பெயரும் ஒருநாள் அதில் ஏறும்.