இங்கிலீஷ் கிளாஸ் ஃபைல்: ஒரு ஐநூறு வருஷக் கதை

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களை வைத்து எடுத்த படங்கள் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமாகியிருக்கும். பெல் அடிக்கும், பிள்ளைகள் வராந்தாவுக்கு வருவார்கள், கையில் நெஞ்சோடு அணைத்துப் பிடித்த ஒரு தடித்த ஃபைல். உள்ளே மூன்று வளையங்கள், தாள்களுக்கு நடுவே கலர் கலராகத் தடுப்பு அட்டைகள். அதுதான் பைண்டர். நம் பிள்ளைகளுக்கோ தைத்த நோட்டு, பிரவுன் அட்டை, மேலே லேபிள். ஓட்டை போட்டுக் கோத்த ஃபைல் என்பது நம்மைப் பொறுத்தவரை ஆபீஸ் சமாசாரம். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று தேடப்போனதில் ஐநூறு வருஷக் கதை ஒன்று கிடைத்தது. பாதிக்கு மேல் அது மொழி வகுப்பின் கதை.

கணக்குப் பாடத்துக்கு நேற்றைய பக்கத்தை அடுத்து இன்றைய பக்கம் இருந்தால் பெரும்பாலும் போதும். மொழிப் பாடம் அப்படி வராது. ஒரே பீரியடில் பாதிக் கவிதை, ஐந்து புதுச் சொற்கள், ஒரு இலக்கண விதி, போன வாரக் கட்டுரையில் டீச்சர் சுழித்த தப்பு எல்லாம் கலந்து வரும். மூன்று மாதம் கழித்து ஒரு கட்டுரை எழுத உட்காரும்போது இதெல்லாம் தேதிவாரியாகக் கிடந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் முக்கியமானவர் எராஸ்மஸ். 1512ல் இவர் எழுதிய 'டி கோப்பியா', லண்டன் செயிண்ட் பால்ஸ் பள்ளிப் பையன்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. அன்றைக்கு லத்தீன் அவர்களுக்கு, இன்று நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இருக்கிற மாதிரி. வீட்டில் பேசாத, ஆனால் முன்னேற வேண்டுமானால் வேண்டியிருக்கிற மொழி. எராஸ்மஸ் சொன்ன வழி இதுதான். முதலில் நோட்டில் தலைப்புகளைப் போட்டு வைத்துக்கொள், அப்புறம் படிக்க ஆரம்பி, கிடைக்கிற நல்ல வாக்கியத்தையும் உவமையையும் அந்தந்தத் தலைப்பின் கீழ் எழுது. படித்த வரிசை முக்கியமில்லை, தேடும்போது கிடைக்கிற வரிசைதான் முக்கியம்.

ஆனால் தைத்த நோட்டில் இதைச் செய்தவர்களுக்குத் தெரியும் தலைவலி. 'நட்பு' என்ற தலைப்புக்கு நாலு பக்கம் ஒதுக்குவீர்கள், அது ஒரு மாசத்தில் நிரம்பிவிடும். 'வீரம்' காலியாகவே கிடக்கும். இதற்கு ஜான் லாக் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆமாம், அரசியல் தத்துவம் எழுதிய அதே லாக்தான். 1686ல் முதலில் பிரெஞ்சில் வெளிவந்தது, அவர் இறந்த பிறகு 1706ல் இங்கிலீஷில். நோட்டின் முதல் இரண்டு பக்கத்தில் ஒரு கட்டம். தலைப்பின் முதல் எழுத்து, அதற்குப் பிறகு வரும் முதல் உயிரெழுத்து, இந்த இரண்டையும் வைத்து ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு கட்டம். எந்தப் பக்கம் காலியோ அங்கே எழுதிக்கொண்டு, பக்க எண்ணை மட்டும் கட்டத்தில் குறித்தால் போதும். இடம் ஒதுக்கவே வேண்டாம். 1770ல் ஜான் பெல் என்ற லண்டன் பதிப்பாளர் லாக் முறைப்படி அச்சடித்த வெற்று நோட்டையே விற்க ஆரம்பித்தார். ஸ்டேஷனரி வியாபாரம் அப்போதே களைகட்டியிருக்கிறது :-)

தாளையே கழற்றி மாற்றும் வசதி வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஜெர்மனியின் பான் நகரில் ஃபிரீட்ரிக் சோன்னெக்கென் என்பவர் தாளில் ஓட்டை போடும் கருவிக்குக் காப்புரிமை கேட்டது 1886 நவம்பர் 14. (நம் குழந்தைகள் தினம்! நேரு பிறக்க இன்னும் மூன்று வருஷம் இருந்தது.) வளைய ஃபைலும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1896ல் ஸ்டுட்கார்ட்டின் லூயி லைட்ஸ், நெம்புகோலைத் தூக்கினால் வளையம் திறக்கும் ஃபைலைக் கொண்டுவந்தார். இன்றும் ஆடிட்டர் ஆபீஸ் அலமாரி முழுக்க நிற்பது அதன் வாரிசுகள்தான். ஓட்டை போட்டுக் கோப்பது நமக்கும் புதிதில்லை, ஓலைச்சுவடி அப்படித்தானே இருந்தது? கயிறு அறுந்தால் ஏடு கலைந்துபோகும் என்கிற கஷ்டம் உட்பட.

இதில் எனக்கு ரொம்ப சுவாரசியமாகப் பட்டது கணக்குப்பிள்ளைகளின் பயம். தனித்தாள் பேரேடு அமெரிக்க வியாபாரத்தில் பரவியபோது எழுந்த கேள்வி, "ஒரு தாளை உருவிவிட்டு வேறு தாளைச் செருகினால் யாருக்குத் தெரியும்?" என்பது. அதற்காகவே சாவி போட்டுப் பூட்டுகிற பைண்டர்கள் விற்றார்கள். தைத்த புத்தகம் ஒரு சாட்சி. பக்கத்தைக் கிழித்தால் காட்டிக்கொடுக்கும். தனித்தாள் ஒரு கருவி. வேலைக்கு வசதி, சாட்சிக்கு உதவாது. நம் பள்ளிகள் நோட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டீச்சர் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, "பாடம் நடத்தினேன், திருத்தினேன்" என்று காட்டுவதற்கு நோட்டு வேண்டும். அது முதலில் பள்ளிக்கூடத்தின் ஆவணம், பிறகுதான் பிள்ளையின் கருவி.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் நிலைமை வேறு. அங்கே பிள்ளைதான் பீரியடுக்குப் பீரியட் அறை மாறும். 1920களில் வந்த ஸ்பிரிட் நகலெடுக்கும் இயந்திரம் (ஊதா எழுத்தும் ஒரு வாசனையுமாக வருமே, அது) பரவியபின் டீச்சர்கள் கையில் தாள் கொடுப்பதும் கூடிப்போனது. தாள் தாளாக வருவதைத் தைத்த நோட்டில் எங்கே வைப்பது? மீட் கம்பெனி 1978ல் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் சோதித்துப் பார்த்து, 1981ல் நாடு முழுக்க விற்ற 'டிராப்பர் கீப்பர்' இந்தத் தேவைக்குப் பிறந்ததுதான். படம் போட்ட அட்டை, தாள் கீழே விழாத பைகள், மூடுவதற்கு வெல்க்ரோ. அந்த 'டர்ர்ர்' சத்தம் தாங்காமல் சில பள்ளிகள் அதைத் தடை செய்த கதையும் உண்டு.

ஆனால் கதையின் முக்கியமான ஆள் கம்பெனிக்காரர் இல்லை, ஒரு இங்கிலீஷ் டீச்சர். சான் டியேகோவின் கிளேர்மாண்ட் உயர்நிலைப் பள்ளி, 1980. இனப் பிரிவினையை நீக்க நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி ஏழைப் பகுதிகளிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வரத் தொடங்கியிருந்தார்கள். இவர்களுக்குச் சுலபமான பாடம் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பதுதான் வழக்கம். மேரி கேத்தரின் ஸ்வான்சன் அதற்கு ஒப்பவில்லை. நடுத்தர மார்க் வாங்கும் 32 பிள்ளைகளை எடுத்து, கடினமான வகுப்புகளிலேயே சேர்த்தார். கூடவே தினம் ஒரு பீரியட் தனியாக ஒதுக்கி, எப்படிப் படிப்பது என்பதையே பாடமாக நடத்தினார். 'அவிட்' என்ற பெயரில் பிறகு ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய இந்தத் திட்டத்தின் அடையாளமே பைண்டர்தான். பாடத்துக்கு ஒரு தடுப்பு, வேலைகளைக் குறிக்க ஒரு நாட்குறிப்பு, 'கார்னெல்' முறையில் குறிப்புகள். அந்த முறை வால்டர் பாக் என்ற கார்னெல் பேராசிரியருடையது, 1962ல் அவர் எழுதிய புத்தகத்தால் பிரபலமானது. வலது பக்கம் குறிப்பு, இடது பக்க ஓரத்தில் கேள்வி, அடியில் இரண்டு மூன்று வரியில் சுருக்கம்.

வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தாளை அடுக்கி வைக்க அம்மாவோ அப்பாவோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அதைப் பார்த்து "இந்தப் பையன் இயல்பிலேயே ஒழுங்கு" என்று பள்ளிக்கூடம் மார்க் போடும். மற்றவனுக்கு "சோம்பேறி" என்ற பட்டம். காலேஜ் பார்க்காத வீடுகளிலிருந்து வந்து, ஊர் விட்டு ஊர் வேலைக்கு வந்திருக்கிற நம்மில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுக்கி வைப்பதும் சொல்லிக் கொடுத்து வருவதுதான் என்று எடுத்துக்கொண்டவர் ஸ்வான்சன். எராஸ்மஸுக்கும் அவருக்கும் நடுவில் நேர்க்கோடு போடலாம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாராவாரம் பைண்டரைத் திறந்து, தடுப்பு ஒழுங்காக இருந்தால் இத்தனை மார்க் என்று போடும் பழக்கம் அங்கே பல வகுப்புகளில் உண்டு. அப்போது பைண்டரும் சாட்சியாகிவிடுகிறது. அழகான ஃபைல் வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதத் தெரியாத பிள்ளையும் இருக்கும்.

நம் பக்கமும் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. சிபிஎஸ்இ 2017-18ல் பத்தாம் வகுப்பு அகமதிப்பீட்டில் நோட்டு ஒப்படைப்புக்கு 5 மார்க் வைத்தது. 2019-20ல் அந்த இடத்துக்கு 'போர்ட்ஃபோலியோ' வந்தது. நோட்டோடு பிள்ளை செய்த மற்ற வேலைகளையும் சேர்த்துத் தொகுப்பது. பல வீடுகளில் இது முதல் நாள் ராத்திரி அம்மா உட்கார்ந்து ஒட்டுகிற வேலையாகத்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

மாற்றலாகிப் போகிற வீடுகளுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கோ டெல்லிக்கோ போனால் புத்தகம் மாறும், பாட வரிசை மாறும், பழைய இங்கிலீஷ் நோட்டு எடைக்குப் போகும். ஆனால் 'சொற்கள்', 'இலக்கணம்', 'என் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் தப்புகள்' என்ற தலைப்புகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பள்ளி நோட்டு அதுபாட்டுக்கு இருக்கட்டும், வீட்டில் ஒரு ஃபைல் தனியாக. நாலைந்து தலைப்பு போதும், பெயர் வைப்பது பிள்ளையின் வேலை.

வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். அமெரிக்க பைண்டருக்கு மூன்று ஓட்டை, நாலேகால் அங்குல இடைவெளி. நம் பஞ்சிங் மெஷின் போடுவது இரண்டு ஓட்டை, 80 மில்லிமீட்டர். கவர்ச்சியாக இருக்கிறதென்று மூன்று வளைய ஃபைலை வாங்கிவிட்டால், ஏ4 தாளை அதில் மாட்டுவதற்குத் தனி மெஷின் தேட வேண்டியிருக்கும்.