பதினைந்தாண்டு ஆடற்றிருப்பணி

இலங்கையினின்று மீண்ட இராமபிரான் சிவலிங்கம் நிறுவி வழிபட்ட திருத்தலம் இராமேச்சுரம். அப்பெருமான் வரலாற்றை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைத்தவர், கலாக்ஷேத்திரம் கண்ட உருக்மிணி தேவியார். வான்மீகியாரின் சுலோகங்களுக்கு முதலில் இசை வகுத்து, அவ்விசையின்மேல் ஆடலை அமைப்பது அவர் கொண்ட நெறி. 1955ஆம் ஆண்டில் ‘சீதா சுயம்வரம்’ அரங்கேறிற்று. இசை வகுத்த மைசூர் வாசுதேவாச்சாரியார் அப்போது 90 அகவை எய்திய முதியவர். 1961இல் அவர் இறைவன் திருவடி எய்தினார், பணியோ முற்றுப்பெறவில்லை. அம்மையார் அதனைக் கைவிட்டிலர். பாட்டனார் விட்ட இடத்திலிருந்து பெயரர் இராஜாராம் இசையைத் தொடர்ந்தார். 1970இல் ‘மகா பட்டாபிஷேகம்’ அரங்கேற, பணி நிறைவெய்திற்று. இராமேச்சுரத் திருக்கோயிற் பிரகாரங்களும் சேதுபதி மன்னர் பலர் காலத்து வளர்ந்தனவே. தொடங்கியவர் காணாத நிறைவை அடுத்தவர் கை எய்துவிப்பதே திருப்பணியின் இயல்பு.

திருச்சிற்றம்பலம்.