டாலர் எந்தக் கை வழியா வந்தது?

எங்க பக்கத்துல வெளிநாட்டுப் பணம்னா ரெண்டு வழி. ஒண்ணு தோல். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து பதனிட்ட தோலும் ஷூவும் கப்பல் ஏறும், டாலர் இறங்கும். இன்னொண்ணு ஆஸ்பத்திரி. முதல் வழியைப் பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு. பாலாறு வழக்கு வரைக்கும் எல்லாம் இணையத்தில் இருக்கு. இரண்டாவது வழியைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். எவ்வளவு பணம் வந்தது என்பதைவிட, யார் கை வழியாக வந்தது என்பதுதான் என்னை இழுத்தது. கை மாறும்போதெல்லாம் வேலையும் மாறியிருக்கிறது.

பழைய முறைக்குச் சிறந்த உதாரணம் காட்பாடி பக்கத்தில் இருக்கும் கரிகிரி. தொழுநோய்க்கான ஷெஃப்பலின் ஆராய்ச்சி மருத்துவமனை 1955இல் அங்கே தொடங்கியது. அமெரிக்கத் தொழுநோய் மிஷனும், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட தொழுநோயாளர் மிஷனும், வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து உருவாக்கியது. இதில் நடுவில் ஆளே கிடையாது. கொடுப்பவர் ஒருத்தர், பெறுபவர் ஒருத்தர். பணம் கட்டடமாச்சு, ஆபரேஷன் தியேட்டராச்சு, பயிற்சி பெற்ற ஆட்களாச்சு. நன்கொடை நின்றாலும் சுவர் நிற்கும்.

எய்ட்ஸ் வந்தபோது இந்த முறை செல்லுபடியாகவில்லை. அதற்கும் ஆரம்பம் வேலூர்தான். 1986 தொடக்கத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் படித்த மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. மாதிரிகளை ஐஸ் வைத்து, கணவரோடு ராத்திரி ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி சி.எம்.சி.க்குக் கொண்டுவந்தார். டாக்டர் ஜேக்கப் ஜான் துறையில் எலிசா சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. அதுவரை சர்வதேச நிதி என்ற பேச்சே இல்லை. மாதிரிகள் வீட்டு ஃபிரிட்ஜில் காத்திருந்தன.

பணம் வர ஆறு வருஷம் ஆச்சு. 1992இல் உலக வங்கி 84 மில்லியன் டாலர் கடன் கொடுத்து தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வழக்கமான பாதை: டெல்லி, மாநில நிதித்துறை, கருவூலம், சுகாதாரத்துறை. ஒவ்வொரு மேசையிலும் ஃபைல் தூங்கும். மார்ச் 31க்குள் செலவாகாத பணம் காலாவதி. இதை உடைக்கத் தமிழ்நாடு செய்த காரியம் சுவாரஸ்யமானது. 1994இல் அரசே ஒரு சங்கத்தைப் பதிவு செய்தது. கூட்டுறவு சங்கம் இல்லை. ஊர் மனமகிழ் மன்றம் பதிவாகும் அதே சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ். தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பிறந்தது அப்படித்தான். தனி வங்கிக் கணக்கு, தனி நிர்வாகக் குழு, தலைமையில் ஐ.ஏ.எஸ். அதிகாரி. நாட்டிலேயே முதல் முயற்சி. பின்னால் மற்ற மாநிலங்களும் இதே வழிக்கு வந்தன.

யோசித்துப் பாருங்க. தொண்டு நிறுவனங்கள் அரசு மாதிரி ஆகிவிட்டன என்று எல்லாரும் குறை சொல்வாங்க. இங்கே அரசு தன் சொந்தக் கருவூலத்தைச் சுற்றிக்கொண்டு போக, தொண்டு நிறுவனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டது.

அடுத்த வருஷம், 1995இல், இன்னொரு பாதை திறந்தது. அதன் பெயர் ஏபேக், எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டம். அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் 10 மில்லியன் டாலர் ஒதுக்கியது. இந்திய அரசு, யு.எஸ்.எய்ட், சென்னை அடையாறில் இருக்கும் வி.எச்.எஸ். என்று முத்தரப்பு ஒப்பந்தம். வி.எச்.எஸ். டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய மருத்துவமனை. வருமானத்துக்கு ஏற்பக் குடும்பங்கள் சிறு சந்தா கட்டி மருத்துவம் பெறலாம் என்பது அவருடைய கொள்கை. நம்ம மக்கள் நம்ம காசில் மருத்துவம் பார்க்கணும் என்று ஆரம்பித்த இடம், அமெரிக்கப் பணத்துக்கு மாநிலம் முழுவதற்குமான வாய்க்காலாக மாறியதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த இடத்தில் அமர வேறு தகுதியான ஆள் யார்? நாற்பது ஆண்டு நெருங்கிய பெயர், தணிக்கை செய்த கணக்கு, அரசோடு சண்டை இல்லாத உறவு. சின்னத் தொண்டு நிறுவனங்களிடம் ஆள் இருந்தது, இதெல்லாம் இல்லை.

வேலை நடந்த விதத்தைப் பார்த்தால் எனக்கு மிடில்வேர் ஞாபகம்தான் வருகிறது (தொழில் புத்தி). மேலே இருப்பவருக்கு டாலர், காலாண்டு, குறியீடுகள் புரியும். கீழே இருப்பவருக்குத் தாபா, லாரி ஷெட், ஊர் போலீஸ் புரியும். நடுவில் இருப்பவர் இரண்டு பாஷையும் பேசணும். தொண்டு நிறுவனங்களிடம் திட்ட வரைவு கேட்பது, நேரில் போய் அலுவலகத்தையும் கணக்குப் புத்தகத்தையும் பார்ப்பது, தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது, தவணையாகப் பணம் விடுவது, அறிக்கை வந்தபிறகு அடுத்த தவணை. ரசீது இல்லாத செலவு செலவே இல்லை. லாரி டிரைவரோடு உட்கார்ந்து டீ குடித்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும். தாபாக்காரர் டீக்கு பில் கொடுப்பாரா? இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில்தான் பெரிய திட்டங்கள் மூச்சு வாங்கும்.

லாரி டிரைவர்கள் ஏன் முக்கியம் என்பது நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாலாஜாபேட்டையிலிருந்து வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கிருஷ்ணகிரி போகும் சாலை அப்போது தேசிய நெடுஞ்சாலை 46. இப்போது 48இல் சேர்ந்துவிட்டது. சென்னைத் துறைமுகமும் பெங்களூரும் இதன் இரு முனை. பச்சைத்தோல், ரசாயன டிரம், ஷூ பெட்டி எல்லாம் இதில்தான். வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்த ஆண்கள், இரவு நிறுத்தங்கள், பணத்தேவையில் இருக்கும் பெண்கள். இதே சித்திரம் மாநிலத்தின் எல்லா நெடுஞ்சாலையிலும் இருந்ததால்தான் டிரைவர்களும் கிளீனர்களும் பாலியல் தொழிலாளிகளும் ஏபேக்கின் முக்கிய இலக்கானார்கள். அந்த இடங்களுக்குச் சீருடை போட்ட சுகாதார ஆய்வாளர் போனால் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். அரசு ஊழியரால் முடியாத வேலை என்பதால்தான் தொண்டு நிறுவனம் தேவைப்பட்டதே தவிர, அது மலிவு என்பதால் மட்டும் இல்லை.

ஏபேக் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 1996இல் தொடங்கிய நடத்தைக் கண்காணிப்பு ஆய்வு. வருஷா வருஷம் அதே வகை ஆட்களிடம் அதே கேள்விகள்: ஆணுறை உபயோகித்தீங்களா, எப்போ, யாரோடு? எத்தனை துண்டுப் பிரசுரம் விநியோகித்தோம் என்று எண்ணுவது வேறு, ஜனங்கள் நடத்தை மாறியதா என்று கேட்பது வேறு. முதலாவது கணக்கைக் களப்பணியாளர் மேசையில் உட்கார்ந்தே எழுதிவிட முடியும்.

பலன் இருந்ததா? 2006இல் லான்செட் இதழில் வந்த ராஜேஷ் குமார் குழுவின் கட்டுரை, தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயதுள்ள கர்ப்பிணிகளிடையே எச்.ஐ.வி. 2000இல் 1.7 சதவீதமாக இருந்தது 2004இல் 1.1 ஆகக் குறைந்ததாகச் சொன்னது. மூன்றில் ஒரு பங்கு சரிவு. இதில் ஏபேக்கின் பங்கு இவ்வளவு, மாநிலச் சங்கத்தின் பங்கு இவ்வளவு என்று பிரித்து எழுத முடியாது. ஒரே டிரைவர் அரசு விளம்பரத்தையும் டிவியில் பார்த்திருப்பார், தொண்டு நிறுவனப் பையனிடமும் பேசியிருப்பார்.

அதற்குள் இந்த நடு இருக்கை உலக வழக்கமாகிவிட்டது. 2002இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் வந்தது. அதற்கு எந்த நாட்டிலும் சொந்த அலுவலகம் கிடையாது. முதன்மைப் பெறுநர் ஒருவர், அவருக்குக் கீழே துணைப் பெறுநர்கள், அவர்களுக்கும் கீழே இன்னொரு அடுக்கு. கணக்கைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு தணிக்கை நிறுவனம். முதன்மைப் பெறுநர் அரசாகத்தான் இருக்கணும் என்றில்லை. 2004 ஜனவரியில் உக்ரைனில் பணம் நத்தை வேகத்தில் நகர்கிறது என்று, ஏற்கெனவே இருந்த பெறுநர்களிடமிருந்து நிதியை நிறுத்தி, சர்வதேச எச்.ஐ.வி./எய்ட்ஸ் அலையன்ஸ் என்ற தொண்டு அமைப்பின் கையில் கொடுத்தார்கள். பெறுநர்களில் அந்த நாட்டின் சுகாதார அமைச்சகமும் ஒன்று. இங்கே கேட்ஸ் அறக்கட்டளை 2003இல் அவஹான் தொடங்கியபோது தமிழ்நாட்டுக்குத் தேர்ந்தெடுத்ததும் அதே வி.எச்.எஸ்.தான். ஒருமுறை டாலர் கணக்கைச் சரியாகக் கொடுத்தவரிடமே அடுத்த டாலரும் போகும். இதனால் பணம் பத்திரமாக இருந்தது உண்மை. புதிதாக முளைத்த, சமூகத்தின் உள்ளிருந்தே வந்த சின்ன அமைப்புகள் என்றைக்கும் மூன்றாம் அடுக்கிலேயே நின்றதும் உண்மை.

அந்தக் கடைசி அடுக்கில்தான் சமவயதுக் கல்வியாளர் இருக்கிறார். பெரும்பாலும் அவரும் ஒரு பாலியல் தொழிலாளி. அரசு விதிப்படி 60 பேருக்கு ஒருவர். அவருக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். மேலே ஒரு தவணை தாமதமானால், நடுவில் இருப்பவர் கடிதம் எழுதுவார், கீழே இருப்பவர் கடன் வாங்குவார். இந்தச் சங்கிலியின் எந்த வரைபடத்திலும் அந்தக் கடன் வராது.

அவஹான் 2009 முதல் 2013க்குள் படிப்படியாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏபேக்கும் முடிந்தது. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், நன்கொடை பெற்ற அமைப்பு அதை வேறு அமைப்புக்குக் கைமாற்றுவதையே தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. ஐ.நா. அமைப்புகள், உலக வங்கி மாதிரி சிலவற்றின் பணம் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையின் பணத்தை வாங்கி முப்பது ஊர்களில் முப்பது சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பது இன்று குற்றம். முறைகேடுகள் நடந்தன, கண்காணிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கண்காணித்துக்கொண்டிருந்த நடு ஆளையே எடுத்துவிட்டால் யார் கண்காணிப்பது என்பதுதான் என் கேள்வி. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலை 1 முதல் யு.எஸ்.எய்ட் என்ற கொடுப்பவரே இல்லை.

தேசிய எய்ட்ஸ் திட்டத்தின் ஐந்தாம் கட்டம், 2021 முதல் 2026 வரை, 15,471.94 கோடி ரூபாய். முழுவதும் மத்திய அரசின் பணம். 1992இல் உலக வங்கிக் கடனில் ஆரம்பித்த திட்டத்துக்கு இது பெரிய தூரம். இந்தப் பணமும் சங்கத்தின் கணக்குக்குப் போய், அங்கிருந்து ஒப்பந்தம் போட்ட தொண்டு நிறுவனங்களுக்குத்தான் போகிறது. களத்தில் இருப்பவருக்கு இன்றும் மதிப்பூதியம்தான்.