கால்நடைத் தீவன ஆய்வை அளத்தல்: திண்டிவனத்திலிருந்து ஒரு மறுபரிசீலனை

தமிழ்நாட்டு நூலக அறிவியல் துறைகளில் ஒரே வார்ப்பிலான ஆய்வேடுகள் கடந்த இருபது ஆண்டுகளாகத் தொடர்ந்து எழுதப்பட்டு வருகின்றன. ஒரு துறையின் பெயரை ஸ்கோபஸிலோ வெப் ஆஃப் சயின்ஸிலோ இட்டுத் தேடுகிறார்கள். கிடைத்த பதிவுகளை ஆண்டு, நாடு, இதழ், ஆசிரியர் என்று அடுக்குகிறார்கள். வளர்ச்சி வீதம், இரட்டிப்புக் காலம், கூட்டாய்வு அளவு ஆகியவற்றைக் கணக்கிட்டு அட்டவணை போடுகிறார்கள். கால்நடை ஊட்டச்சத்தியலும் இப்படித்தான் அளக்கப்படுகிறது. இந்த முறை அத்துறைக்குப் பொருந்தவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். எண்ணுவது வீண் என்று சொல்ல வரவில்லை. எதை ஓர் அலகாகக் கொள்கிறோம் என்பதில்தான் கோளாறு. ஒரு கட்டுரை என்பதை விட்டுவிட்டு, ஒரு தீவனம், ஒரு கேள்வி, ஒரு சோதனை என்று எண்ணத் தொடங்கினால் கிடைக்கும் சித்திரம் வேறாக இருக்கும்.

முதலில் கணக்கையே பார்ப்போம். இந்த ஆய்வேடுகளில் தவறாமல் வரும் அளவு சார்பு வளர்ச்சி வீதம். ஓர் ஆண்டின் இறுதியில் உள்ள மொத்தக் கட்டுரைகளின் இயல் மடக்கையிலிருந்து முந்தைய ஆண்டு இறுதியில் இருந்த மொத்தத்தின் இயல் மடக்கையைக் கழித்தால் வருவது அது. 0.693-ஐ அந்த வீதத்தால் வகுத்தால் இரட்டிப்புக் காலம். முதல் ஆண்டில் 100, அடுத்து 120, பிறகு 140, 160 என்று ஒரு துறையில் கட்டுரைகள் வெளியாவதாகக் கொள்வோம். ஆண்டுதோறும் வெளியீடு கூடிக்கொண்டே போகிறது. திரள் எண்கள் 100, 220, 360, 520. வளர்ச்சி வீதமோ 0.788, 0.492, 0.368 என்று இறங்குகிறது. இரட்டிப்புக் காலம் 0.88 ஆண்டிலிருந்து 1.88 ஆண்டாக நீள்கிறது. ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கூட்டு வளர்ச்சி இருந்தாலும் இதுவே நடக்கும்: 0.742, 0.455, 0.338 என்று சரிந்து, பல ஆண்டுகள் கழித்தே 0.095-ஐ நெருங்கும். எண்ணிக்கையை எந்த ஆண்டில் தொடங்கினோமோ அந்த ஆண்டுக்கு முந்தைய நூல்தொகை முழுவதையும் பூச்சியமாகக் கொள்வதன் விளைவு இது. ஆகவே 'வளர்ச்சி வீதம் படிப்படியாகக் குறைகிறது' என்ற முடிவு தீவன ஆய்வைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஆய்வாளர் தேர்ந்துகொண்ட தொடக்க ஆண்டைப் பற்றி மட்டுமே சொல்கிறது. இந்த முடிவை நம்பி ஒரு துறைக்கான நிதி குறைக்கப்பட்டால் அதற்கு யார் பொறுப்பு? இந்த அளவைக் கைவிடுவதே நேர்மை.

மொத்தக் கட்டுரைகளில் பல ஆசிரியர்கள் சேர்ந்து எழுதியவற்றின் பங்கைக் காட்டும் கூட்டாய்வு அளவு பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஒரு செரிமானச் சோதனையில் மாடுகளைப் புதுத் தீவனத்துக்குச் சில வாரம் பழக்க வேண்டும். பிறகு ஒரு வாரம் போல இட்ட தீவனம், மிச்சம் வைத்த தீவனம், போட்ட சாணம் மூன்றையும் அன்றாடம் நிறுத்துப் பதிய வேண்டும். மாதிரிகளை உலர்த்தி, அரைத்து, ஆய்வகத்தில் புரதமும் நாரும் காண வேண்டும். இதைத் தனியாள் செய்ய முடியாது. பல ஆசிரியர்கள் இருப்பது இத்துறையின் வேலைமுறை. அந்த அளவு ஒன்றை நெருங்கியிருப்பதைக் கண்டுபிடிப்பாக எழுதுவதில் பொருளில்லை.

பெரிய சிக்கல் தேடுசொல்லில் இருக்கிறது. கடலைப் புண்ணாக்கை எடுத்துக்கொள்வோம். திண்டிவனம் வட்டாரத்தில் அதைச் சொல்லாமல் மாட்டுத் தீவனம் பற்றிப் பேச முடியாது. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. 2 நிலக்கடலை 1940-இல் வெளியானது. நாட்டின் பல மாநிலங்களில் பரவிய ரகம் அது. 1967-இல் டி.எம்.வி. 7 வந்தது. கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் புண்ணாக்கில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டுக்கு மேல் புரதம் உண்டு. அதை உடைத்து இரவே ஊறவைத்து, காலையில் தவிட்டோடு கழனித் தண்ணீரில் கலந்து கறவை மாட்டுக்கு வைப்பார்கள். அறுவடை முடிந்ததும் கடலைக்கொடியும் மாட்டுக்குத்தான்.

இந்த ஒரு பொருள் தரவுத்தளத்தில் எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்று பாருங்கள். ஒரு கட்டுரை அதை 'கிரவுண்ட்நட் கேக்' என்கிறது, இன்னொன்று 'பீநட் மீல்' என்கிறது, மூன்றாவது தாவரவியல் பெயரைப் போடுகிறது, நான்காவது சுருக்கெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறது. சொற்களை இணைக்கும் பட்டியலை நாமே தயாரித்துக் கொடுக்காவிட்டால் விஓஎஸ்வியூவர் போன்ற வரைபட மென்பொருள் இவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாகவே காட்டும். அதற்கும் முன்னால், 'அனிமல் நியூட்ரிஷன்' என்ற தொடரை இட்டுத் தேடினால் இவற்றில் பல வலைக்குள்ளேயே விழாது. கறவை மாட்டுக்குப் புண்ணாக்குக்குப் பதில் வேறொரு புரதம் கொடுத்துப் பார்த்தவர் தன் தலைப்பில் மாட்டையும் தீவனத்தையும் குறிப்பிடுவாரே தவிரத் துறையின் பெயரை எழுதமாட்டார். துறைப் பெயரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் வைப்பவை பெரும்பாலும் மதிப்பீட்டுக் கட்டுரைகளும் கொள்கைக் கட்டுரைகளும்தான். கொட்டிலில் நடந்த வேலையைத் தவறவிட்டு, அதைப் பற்றிய பேச்சை எண்ணுகிறோம்.

அஃப்ளடாக்சின் இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடிப்போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் நஞ்சு பிடிபட்டது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மாடு தின்றால் அதிலுள்ள பி1 நஞ்சு ஈரலில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 2019-இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 5.7 விழுக்காட்டில் எம்1 அனுமதித்த வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அப்படிப்பட்டவை. எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களுக்கும் மேல். தமிழ்நாட்டுக் கால்நடைத் தீவனம் பற்றி அண்மைக் காலத்தில் வெளிவந்த செய்திகளில் இதைவிட முக்கியமானது எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குழந்தைக்குக் கொடுக்கும் பாலைப் பற்றியது அது. ஆனால் அந்த அறிக்கை ஆய்விதழ்க் கட்டுரை அல்ல. வழக்கமான அளவியல் ஆய்வில் அதற்கு இடமில்லை. இந்த நஞ்சு பற்றிய கட்டுரைகளும் நச்சியல், உணவு அறிவியல், நுண்ணுயிரியல் என்ற தலைப்புகளுக்குக் கீழே பிரிந்து போய்விடுகின்றன. புண்ணாக்கை எந்த ஈரப்பதத்தில் எத்தனை நாள் வைக்கலாம் என்பது முழுக்க முழுக்கத் தீவனக் கேள்வி. தீவன ஆய்வின் வரைபடத்திலோ அது இல்லை.

கடலைக்கொடிக்கும் இதே கதிதான். பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிலையம் உருவாக்கிய ஐ.சி.ஜி.வி. 91114 ரகம் அனந்தபூர் மாவட்டத்தில் பரவியபோது, காய் விளைச்சலோடு கொடியின் தீவன மதிப்பையும் பயிர்ப் பெருக்க அறிஞர்களும் தீவன அறிஞர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். இதை வேளாண்மை ஆய்வு என்பதா, கால்நடை ஆய்வு என்பதா? தரவுத்தளம் ஏதாவது ஒரு பெட்டியில் போட்டுவிடும். கடலை விளையும் ஊரில் மாடு வளர்ப்பவருக்கு அந்தப் பெட்டிகள் பொருட்டில்லை.

இதழ்களின் வரலாறும் கணக்கைக் குழப்புகிறது. 'இந்தியன் வெட்டினரி ஜர்னல்' சென்னையிலிருந்து 1924 முதல் வருகிறது. 'இந்தியன் ஜர்னல் ஆஃப் அனிமல் நியூட்ரிஷன்' 1984-இல் தொடங்கியது. இசட்நகரிலிருந்து 'அனிமல் நியூட்ரிஷன் அண்ட் ஃபீட் டெக்னாலஜி' 2001-இல். ஓர் இதழ் தோன்றிய ஆண்டு ஒன்று, பன்னாட்டுத் தரவுத்தளத்தில் அது சேர்க்கப்பட்ட ஆண்டு இன்னொன்று. இரண்டாவது ஆண்டு வரைபடத்தில் ஆய்வு திடீரெனப் பெருகிய ஆண்டாகத் தோற்றமளிக்கும். இதழ்த் தொகுதி மாறாத ஒரு பட்டியலை நிலையாக வைத்துக்கொண்டு எண்ணினால் இந்த மயக்கம் தீரும். அப்படிச் செய்வோர் சிலரே.

பட்டியலுக்கு வெளியே நிற்பவற்றின் செல்வாக்கையும் நாம் அறிவோம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தைச் சேர்ந்தவர்கள் அசோலாவை மாட்டுத் தீவனமாக வளர்ப்பது பற்றி 2002-இல் 'லீசா இந்தியா' என்ற களப் பத்திரிகையில் சில பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார்கள். அசோலா பற்றிப் பின்னர் வந்த இந்திய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றின் மேற்கோள் பட்டியலில் அது இருக்கிறது. குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, சாணக் கரைசல் ஊற்றி அசோலா வளர்க்கும் முறை தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனதில் இத்தகைய எளிய எழுத்துக்குப் பங்குண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தமிழில் வெளியிடும் 'கால்நடைக் கதிர்' போன்றவையும் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

இடத்தைக் கணக்கிடும் முறையிலும் குறை உண்டு. தரவுத்தளம் ஆசிரியரின் முகவரியைப் பார்க்கிறது, மாடு நின்ற ஊரைப் பார்ப்பதில்லை. மேற்சொன்ன பல்கலைக்கழகத்துக்கு விழுப்புரத்தில் ஒரு பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே செய்த வேலை பல்கலைக்கழகத்தின் பெயரில் தொகுக்கப்பட்டுச் சென்னைக் கணக்கில் சேர்ந்துவிடும். விழுப்புரம் மாவட்டத்தில் எந்தத் தீவனம் பற்றி எவ்வளவு ஆராயப்பட்டிருக்கிறது என்று ஒருவர் கேட்டால், இன்றைய முறைப்படி எண்ணியவரிடம் பதில் இருக்காது. மாவட்ட அளவில் திட்டம் போடுபவருக்குத் தேவைப்படுவதோ அந்தப் பதில்தான்.

மாற்று வழிக்காக வெளியே அலைய வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகப் பணிக்குப் புள்ளியியலைப் பயன்படுத்தும் 'லைப்ரமெட்ரி' என்ற துறையை 1948-இல் லெமிங்டன் ஸ்பாவில் நடந்த ஆஸ்லிப் மாநாட்டில் முன்மொழிந்தார். 'பிப்ளியோமெட்ரிக்ஸ்' என்ற பெயரைப் பிரிட்சர்ட் முன்வைத்தது அதற்கு இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு. நம் ஆய்வேடுகளின் முன்னுரைகள் இதைப் பெருமையோடு நினைவுகூர்கின்றன. அதே ரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார் என்பதை அந்த முன்னுரைகள் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒரு நூலின் பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல், அதன் கூறுகளைத் தனித்தனியே பிரித்துக் குறிக்க வேண்டும் என்பது அவர் போட்ட வழி. அதைத் தீவன ஆய்வுக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு ஆவணத்திடமும் ஐந்து கேள்விகள் கேட்கலாம்: எந்த விலங்கு, எந்தத் தீவனம், என்ன செயல் அளக்கப்பட்டது, சோதனை எங்கே நடந்தது, எந்த ஆண்டில் நடந்தது. எண்ணுவதையும் பகுப்பதையும் ஒரே மனிதர் நமக்குத் தந்திருக்க, நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது பெரிய இழப்பு.

இதற்கு வரக்கூடிய மறுப்பு வலுவானது. தரவுத்தளத் தேடலை யார் செய்தாலும் ஒரே விடை வரும். கூறுகளாகப் பிரிப்பது மனிதத் தீர்ப்பைச் சார்ந்தது, இருவர் இரு விதமாகக் குறிக்கலாம். உண்மைதான். அதனால்தான் இருவரைத் தனித்தனியே குறிக்கச் சொல்லி, அவர்களுக்கிடையே உள்ள ஒப்புதலைக் கோஹனின் கப்பா எண்ணால் அளந்து வெளியிட வேண்டும் என்கிறேன். மருத்துவ ஆய்வில் வழக்கமாகிவிட்ட நடைமுறை அது. ஒரே விடை திரும்பத் திரும்ப வருவது நம்பகத்தைக் காட்டலாம். விடை சரியானது என்பதற்கு அது சான்றாகாது. உழைப்பு மிகும் என்ற மறுப்புக்கும் பதில் உண்டு. துறை முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. ஒரே தீவனத்தை எடுத்தால் ஒரு முனைவர் பட்ட ஆய்வாளரும் ஒரு கால்நடை மருத்துவரும் சேர்ந்து முடிக்கக்கூடிய வேலைதான்.

கடலைப் புண்ணாக்கிலிருந்து தொடங்கலாம் என்பது என் பரிந்துரை. ஆய்விதழ்கள், கிரிஷிகோஷ் களஞ்சியத்தில் உள்ள ஆய்வேடுகள், மாநாட்டுச் சுருக்கங்கள், அரசு அறிக்கைகள், தமிழ்ப் பத்திரிகைக் கட்டுரைகள் எல்லாம் உள்ளே வரட்டும். இங்கே ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். ஒரே சோதனை முதலில் ஆய்வேடாகவும், பிறகு மாநாட்டுச் சுருக்கமாகவும், அதன்பின் இரண்டு இதழ்க் கட்டுரைகளாகவும் வெளிவருவது வழக்கம். ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு இதழ்களின் மதிப்பெண் கணக்கிடப்படும் வரை இது நிற்காது. கட்டுரையை அலகாகக் கொண்டால் நான்கு. சோதனையை அலகாகக் கொண்டால் ஒன்று. எத்தனை மாடுகள், எத்தனை நாள், என்ன தீவன அளவு என்ற விவரங்களை ஒப்பிட்டால் அவை ஒரே சோதனை என்பது தெரிந்துவிடும். அதை ஒருமுறை எண்ணி, அது வெளியான இடங்களை அதன் பக்கத்தில் குறிக்க வேண்டும். அந்த இடங்களில் தமிழில் வெளியானது ஏதாவது உண்டா என்பதற்கு அட்டவணையில் தனியாக ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.